ஆறும் எண்பதும்

ஒட்னி தன் வேலைக்காலத்தில் போட்டுக் கொடுத்த குளியலறைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. இது ஊகம் இல்லை. ஓய்வு பெற்ற வாரம் அவள் தன் பழைய நாட்குறிப்புகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொண்டுவந்து, "படகுத்துறையில கணக்கு எழுதின கைதானே, இதையும் எண்ணிக் குடு" என்று என் சமையலறை மேசைமேல் வைத்தாள். இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் அதே எண்தான் வந்தது. எங்கள் தைஸ்தோய் தீவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவள் போட்ட குழாயில்தான் முகம் கழுவுகிறார்கள். ஆனால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் அவளுடைய சொந்த வீடு இல்லை.

அவளும் கணவன் ஐலர்டும் குடியிருக்கும் வீடு என் வேலிக்கு அந்தப் பக்கம். அதன் ஒரே குளியலறை மாடியில் இருந்தது. 1963இல் அவளுடைய மாமனார் கட்டியது. பச்சை நிறத் தொட்டி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு முன் மூன்று முறை இருமும். புதிதாகப் போடச் சொல்லி ஐலர்ட் நாற்பது வருடம் கேட்டான். "அடுத்த குளிர்காலம்" என்று அவளும் நாற்பது வருடம் சொன்னாள்.

1971இல், பதினெட்டு வயதில் அவள் பிளம்பர் வேலைக்கு வந்தாள். அப்போது எங்கள் கரையில் அந்த வேலைக்கு வந்த பெண் அவள் ஒருத்திதான். முதன்முதலாகத் தனியாகப் போன வீட்டில், கதவைத் திறந்த அம்மாள் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பிளம்பர் எங்கே?" என்று கேட்டாளாம். "படகுல இருக்கார். ஆள் ரொம்ப கனம். ரெண்டு பாதியாத்தான் தூக்கிட்டு வரமுடியும். இது முதல் பாதி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம். அன்றிலிருந்து அவள் பெயர் பைப் ஒட்னி.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரின் மரச்சட்டங்களுக்கு மேல் பலகை அடித்து மூடுவதற்கு முன், ஏதாவது ஒரு சட்டத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவாள். அந்தக் குளியலறையில் முதலில் யார் குளிக்கப் போகிறார்கள், என்றைக்கு என்று. ஏன் என்று கேட்டால், "சுவருக்கும் ஆளைத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?" என்பாள்.

2019 ஜனவரி 22ஆம் தேதி, பனி உறைந்த படகு இறக்கத்தில் ஐலர்ட் வழுக்கி விழுந்தான். மேலிருந்து சறுக்கி வந்த அவனுடைய படகே அவன் இடது கால்மேல் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பெருநிலத்தில் மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தான். மார்ச் மாதம் நகராட்சியிலிருந்து தூரிட் என்ற பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். ஊனமுற்றவர்கள் வீட்டில் எப்படிப் புழங்குவார்கள் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. மாடிப்படியைப் பார்த்ததுமே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"கீழ்த்தளத்துல குளியலறை வேணும், ஒட்னி. உள்ளே சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்பணும். கதவுல தடையில்லாத அகலம் எண்பத்தாறு சென்டிமீட்டர். மே பதினஞ்சு, புதன்கிழமை வந்து அளந்து பார்ப்பேன். சரியா இருந்தா வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வரலாம்."

"இல்லேன்னா?"

"நகராட்சி முதியோர் இல்லத்துல இடம் வெச்சிருக்காங்க. செப்டம்பர் வரைக்கும். நான் அடுத்து அளக்க வர்றது அப்போதான்."

முதியோர் இல்லம் இரண்டு படகு மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. வியாழன் மே பதினாறு என்றால் மறுநாள் பதினேழு. எங்கள் நாட்டில் யாரும் அந்த நாளைத் தேசிய தினம் என்று நீட்டிச் சொல்வதில்லை. பதினேழு என்றாலே போதும். தீவின் வாத்தியக் குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுபவன் ஐலர்ட். 1969 முதல் ஒரு பதினேழையும் அவன் தவறவிட்டதில்லை. அன்று மாலை அவன் ஒட்னியிடம் தொலைபேசியில், "முதியோர் இல்லத்து ஜன்னல் வழியாவும் ஊர்வலம் போகுமாம். அங்கே டியூபா வாசிக்கிறவன் சுமார்தானாம், பரவாயில்ல, கேட்டுக்கறேன்" என்றான். அவள் தொலைபேசியை வைத்தாள். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் வலையும் பெயின்ட் டப்பாக்களும் அடைந்து கிடந்த சாமான் அறைக்குப் போனாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

மரவேலைக்கு யோஸ்தைனைக் கூப்பிட்டாள். அவனுக்கு அப்போது ஐம்பது வயது. எங்கள் தீவுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாட்டின் கிழக்குப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகத் தச்சு வேலை செய்கிறவன். அவனுக்கும் ஒட்னிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 1998இல் பள்ளிக்கூடத்துக் குளியலறை கட்டியபோது, அவன் நிறுத்திய சட்டத்தில் அவள் குழாய்க்காகப் பெரிய துளை போட்டாள். "இது சட்டத்துல ஓட்டையா, ஓட்டையைச் சுத்திச் சட்டமா?" என்று அவன் கத்தினான். மறுநாள் அவன் அடித்த ஆணி அவள் குழாயைத் துளைத்தது. ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு கை குலுக்கிக்கொண்டார்கள். சுவர் அவனுக்கு, குழாய் அவளுக்கு; ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பதுகூட இல்லை. அதன்பின் பத்தொன்பது குளியலறைகளைச் சேர்ந்து கட்டினார்கள். ஒன்றில்கூடக் குறை வரவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதி நடைவழிக்கும் புது அறைக்கும் நடுவே சுவர் எழும்பியது. மழை, வெப்பநிலை நான்கு டிகிரி. நான் காப்பி பிளாஸ்குடன் வாசல் பக்கம் நின்றிருந்தேன். யோஸ்தைன் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒட்னி முழங்காலிட்டு, தரை வடிகாலில் தலையை விட்டபடி கத்தினாள். "கதவு! தடையில்லாம ஆறும் எண்பதும்!"

"சரி!" என்று அவனும் கத்தினான். காதிலிருந்து பென்சிலை எடுத்து, பக்கத்துச் சட்டத்தில் குறித்தான்.

பிறகு வேலை ஓடியது. அந்த ஆறு வாரமும் ஒட்னியின் விசில் சத்தம் என் வீட்டு வரைக்கும் கேட்டது. தரையை வடிகால் பக்கம் சாய்த்து வார்த்தார்கள். ஒவ்வொரு தண்ணீர்க் குழாயையும் அதைவிடப் பருத்த உறைக்குழாய்க்குள் விட்டு, எல்லாவற்றையும் கதவின் இடது பக்கச் சுவருக்குள் ஒரு பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தாள். நீர்காப்புப் பூச்சு இரண்டு கோட்டு. ஷவர் பக்கம் முழுக்க கடல்மூட்டத்தின் நிறத்தில் டைல்ஸ். மற்ற சுவர்களில் வெள்ளைப் பலகை. தண்ணீரை முதலில் திறந்துவிட்ட நாளில் என்னைக் கூப்பிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். ஒரு சத்தமும் இல்லை. "பாத்தியா? இருமல் போயிடுச்சு" என்றாள்.

மே 11, சனிக்கிழமை மதியம் கடைசி வேலையாக யோஸ்தைன் கதவைப் பொருத்தினான். ஐலர்டின் நாற்காலி அளவிலேயே ஒன்றை ஒட்னி இரவல் வாங்கி வைத்திருந்தாள். அகலம் அறுபத்தாறு. அதில் உட்கார்ந்து, "வழி விடுங்க, ஐலர்ட் குளிக்க வர்றார்!" என்று நடைவழியில் உருட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலி நுழைந்தது. அவள் விரல்கள் நுழையவில்லை. இரண்டு கை முட்டிகளும் கதவு நிலையில் உரசின.

"ஆ! என்னடா இது?"

"கையை மடியில வெச்சுக்கோ."

"கையை மடியில வெச்சா சக்கரத்தை மூக்கால உருட்டறதா? எவ்வளவு விட்டிருக்கே?"

"நீ சொன்னதுதான். அறுபத்தெட்டு."

"நான் எப்போடா அறுபத்தெட்டு சொன்னேன்? ஆறும் எண்பதும்னு சொன்னேன்!"

"அதான். ஆறு, எட்டு."

ஒட்னி நாற்காலியை நடைவழிக்குப் பின்னால் உருட்டினாள்.

எங்கள் நாட்டில் எண்ணுவதற்கு இரண்டு வழி. எண்பத்தாறு என்பதை என் வயதுக்காரர்கள் ஆறும் எண்பதும் என்போம். சின்னதைச் சொல்லிவிட்டுத்தான் பெரியதைச் சொல்வோம். 1951இல் பள்ளிக்கூடங்களில் அதைத் திருப்பிப் போட்டு, எண்பத்தாறு என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒட்னியும் பள்ளியில் அப்படித்தான் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னபடி மாற்றிக்கொண்டாள். எங்கள் தீவு இன்றைக்கும் பாதி அப்படித்தான். யோஸ்தைன் கிழக்கிலிருந்து வந்தவன். ரம்பச் சத்தத்தில், காதில் விழுந்த வரிசையிலேயே எழுதிவிட்டான்.

"இருபத்திரண்டு வருஷம் இந்தத் தீவுல இருக்கே. இன்னும் எண்ணக் கத்துக்கலையா?"

"பின்னாலேர்ந்து எண்ணறவங்களுக்கு நடுவுல இருந்தா எப்படிக் கத்துக்கறது? நீ பிறந்த வருஷம் என்ன, முப்பத்தஞ்சா?"

"அம்பத்து மூணு!"

"பாரு! இப்போ மட்டும் நேரா வருது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒட்னிக்கு வரவில்லை. நடைவழியில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கதவின் வலது பக்கம் ஷவர் சுவர். டைல்ஸையும் பூச்சையும் உடைத்தால் மூன்று வாரம். இடது பக்கம் அவளுடைய குழாய்ப் பெட்டி. தூரிட் வருவதற்கு நான்கே நாள்.

"அவன்கிட்ட போன்ல சொல்லிடறேன். செப்டம்பர்தானேன்னு" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

யோஸ்தைன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஒட்னி, உன் பெட்டி இருபது சென்டிமீட்டர் நகருமா?"

"குழாய் உன் விஷயமில்ல."

"தெரியும். நகருமான்னு கேட்டேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். "உறைக்குள்ள இருக்கிறதை உருவிடலாம். ஷவருக்குப் போறது ரெண்டும் கதவுத் தலைக்கு மேல சுத்திப் போகுது, அது நீளம் பத்தாது. சுருள்ல புதுக் குழாய் மிச்சம் இருக்கு." பிறகு, "ஆனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவில் யாரும் ரம்பம் ஓட்டுவதில்லை, சுத்தியல் எடுப்பதில்லை. பிரார்த்தனை வீடு இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது.

"திருப்புளி சத்தம் போடாதே" என்றான் யோஸ்தைன்.

அப்படியே நடந்தது. மே 12, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பிரார்த்தனை வீட்டுப் பாட்டு காற்றில் வந்துகொண்டிருக்க, இருவரும் கைத் திருப்புளியால் நடைவழிப் பக்கப் பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். நான் பாத்திரத்தில் சேகரித்தேன், நூற்று நாற்பத்தொன்று. அவர்கள் குசுகுசுவென்றுதான் பேசினார்கள், திருடப் போனவர்கள் மாதிரி.

பலகையைச் சாய்த்து இறக்கியதும் சுவரின் உள்பக்கம் தெரிந்தது. யோஸ்தைன் முதல்முறையாக அவள் குழாய்களை நேராகப் பார்த்தான். சிவப்பும் நீலமும், ஒரே வளைவில், ஒரே இடைவெளியில், சீவிவிட்ட தலைமுடி போல இறங்கின.

"இது இவ்வளவு அழகா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றான்.

"நீ பார்க்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்." ஒட்னி ரசமட்டத்தை அவன் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். குமிழ் நடுவில் நின்றது. அடுத்ததில் வைத்தாள். அதிலும் நடுவில். "நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. இருபது வருஷமா இப்படித்தான் நிறுத்தறியா?"

"வேற எப்படி?"

"ம்" என்றாள். அதற்கு மேல் புகழ அவளுக்கு வராது.

அப்போதுதான் இடது பக்கச் சட்டத்தைப் பார்த்தோம். கண் உயரத்தில் யோஸ்தைனின் தடித்த பென்சில்: 68. அதற்கு ஒரு சாண் மேலே ஒட்னியின் சாய்ந்த எழுத்தில், "ஐலர்ட், முதல் குளியல், 17 மே. கதவு 86." ஆறு வாரம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றிருந்தன. அவள் அவனுடையதைப் பார்க்கவில்லை. அவன் அவளுடையதைப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்கள். நான் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. பலகை அடித்த நாளில் இரண்டையும் பார்த்தேன், இரண்டையும் என் குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருந்தேன். வேறு வேறு அளவு என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சொன்னதும் ஒட்னி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். யோஸ்தைன் ஒரு உறைக்குழாய்த் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தான். பிரார்த்தனை முடியும்வரை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் குலுங்கினோம்.

மதியம் நான்கு மணிக்குள் உள் குழாய்களை ஒட்னி உருவி எடுத்துவிட்டாள். திங்கள் காலை ஏழு மணி அடித்ததும் ரம்பம் கத்தியது. இருந்த சட்டத்தை அறுத்தெடுத்து, இருபது சென்டிமீட்டர் தள்ளிப் புதிது நிறுத்தி, மேல்விட்டத்தை மாற்றினான். அவள் பின்னாலேயே பெட்டியை நகர்த்தி, புதுக் குழாய்களை உறைக்குள் விட்டாள். இந்தமுறை அவன் டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்தாள். மாலையில் வாசல்படியில் நீர்காப்புப் பூச்சை நீட்டிப் பூசினார்கள்.

அகலக் கதவுதான் பாக்கி. பெருநிலத்துக் கடையில் கதவு இருந்தது. கொண்டுவர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஐலர்ட் முப்பது வருடம் அந்தப் படகுத்தடத்தில் இயந்திரம் பார்த்தவன். ஒட்னி படகின் தலைவருக்கு ஒரே ஒரு போன் செய்தாள். செவ்வாய் மதியம் இரண்டு பத்துப் படகு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. கார்கள் இறங்குவதற்கு முன்னால் படகுப் பணியாளர்கள் இரண்டு பேர் ஒரு வெள்ளைக் கதவைத் தோளில் வைத்து, மேட்டுப் பாதையில் வீடுவரை சுமந்து வந்தார்கள். "ஐலர்ட் வந்தா கதவுக்கு இயந்திரம் வேணுமான்னு கேளு" என்று சொல்லிவிட்டு, ஒட்னி நீட்டிய வாஃபிள் அப்பத்தை ஆளுக்கு ஒன்றாகப் பழுப்புச் சீஸோடு மடித்து வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

புதன் காலை தூரிட் வந்தாள். நாற்காலியைத் தானே உருட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு வட்டம் போட்டாள். கதவில் டேப்பை வைத்தாள்.

"எண்பத்தேழு" என்றாள் தூரிட்.

"ஏழும் எ..." என்று ஆரம்பித்தாள் ஒட்னி.

"வாயை மூடு, ஒட்னி" என்றான் யோஸ்தைன்.

தூரிட் கையெழுத்துப் போட்டாள். ஒட்னி அவளைக் கட்டிப்பிடித்தாள், என்னைக் கட்டிப்பிடித்தாள், யோஸ்தைனைக் கட்டிப்பிடித்தாள். பிறகு கதவு நிலையையும் கட்டிப்பிடித்தாள். 87 என்றே என் குறிப்பேட்டில் எழுதினேன்.

வியாழக்கிழமை ஐலர்ட் அதே இரண்டு பத்துப் படகில் வந்து இறங்கினான். குளியலறை வாசலில் நாற்காலியை நிறுத்தி, ரொம்ப நேரம் பார்த்தான். "நாற்பது வருஷம் கேட்டேன். ஒரு கால் போனாத்தான் போடுவேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"ரெண்டாவது காலை விட்டுடாதே. இனிமே போட எனக்கு இடமில்ல" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் சமையலறைக்குப் போனதை நாங்கள் பார்க்காதது போல இருந்தோம். ஆனால் அன்று அவன் குளிக்கவில்லை. சுவரில் பதினேழு என்று எழுதியிருந்ததாமே, பதினேழுதான் என்றான்.

மறுநாள் பதினேழு. பிர்ச் மரங்களில் இலை வந்திருந்தது, பதினோரு டிகிரி, காற்றில்லை. ஊர்வலம் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பி, பத்து பத்துக்கு எங்கள் வாசலுக்கு வரும். அங்கே ஐலர்ட் டியூபாவோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஒன்பது முப்பத்தொன்றுக்கு அவன் குளிக்கப் போனான். மடியில் டியூபாவையும் வைத்துக்கொண்டு போனான்.

"குளிக்கிற இடத்துல அது எதுக்கு?"

"எதிரொலி எப்படின்னு பார்க்க வேண்டாமா?"

பத்து பத்துக்கு வாத்தியக் குழு வாசலில் வந்து நின்றது. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நெரிசலாக நின்றார்கள். ஐலர்ட் வரவில்லை. பாரம்பரிய உடையும் மார்பில் வெள்ளிப் பதக்கமுமாக ஒட்னி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஐலர்ட்! ஊர் முழுக்க வாசல்ல நிக்குது!"

"இந்தத் தண்ணி இருமவே மாட்டேங்குதே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பிறகு தண்ணீர் நின்றது. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. அதன்பின் வீட்டுக்குள்ளிருந்து டியூபாவின் ஆழமான முழக்கம் எழுந்தது. டைல்ஸ் சுவர்கள் அதை இரண்டு மடங்காக்கின. திறந்த ஜன்னல் வழியாக அது தெருவுக்கு வந்தது. குழுத்தலைவி கோலை உயர்த்தினாள். தெருவிலிருந்தவர்கள் குளியலறையோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். பாட்டின் நடுவிலேயே கதவு திறந்தது. ஈரத் தலையும் கோட்டும் சட்டைப்பையில் கொடி ரிப்பனுமாக, டியூபாவை மடியில் வைத்துக்கொண்டு ஐலர்ட் உருட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கையும் சக்கரத்தில். எங்கேயும் உரசவில்லை.

ஊர்வலம் நகர்ந்ததும் யோஸ்தைன் என் பக்கத்தில் வந்து நின்றான். அறுத்தெடுத்த சட்டத்தின் துண்டு, இரண்டு எண்ணும் உள்ளது, அவன் கையில் இருந்தது. அதை ஒட்னிக்குக் கொடுக்கத் தேய்த்து மெருகேற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தான்?" என்று கேட்டான்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "ஆறும் நாற்பதும் நிமிஷம்."

அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்து, மரத்துண்டோடு சேர்த்து என்னிடம் நீட்டினான்.

"எழுதிக் காட்டு" என்றான்.